சிஞ்சாலோக் வாசம் போகாத அங்கி

இந்த நினைவஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் தம்பிராஜா அவர்களே, கணவரைப் பறிகொடுத்த துயரிலும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கோகிலா அண்ணி அவர்களே, கிளேபாங்கிலிருந்தும் உஜோங் பாசிரிலிருந்தும் கடல் வேலையைப் போட்டுவிட்டு வந்து இந்தக் காஜா பேராங் மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! இந்த அப்துல் கய்யூமின் வணக்கம்.

நான் அழுவதற்காக எழுந்து நிற்கவில்லை. நன்றி சொல்ல நிற்கிறேன். நாடு விடுதலை பெற்ற மெர்டேக்கா ஆண்டில் கறுப்பு அங்கி அணிந்தவர் நம் வழக்கறிஞர் திலகம் கலியாணசுந்தரம் அவர்கள். அவரோடு ஒரே அலுவலகத்தில் வழக்கறிஞராகக் காலம் தள்ளியவன் நான். பேரப்பிள்ளைகளோடு ஓய்வாக இருக்க வேண்டிய வயதில் அண்ணன் என்ன செய்தார்? அணுக்கழிவுக் கப்பல்களை எதிர்த்து நீதிமன்றப் படியேறினார்!

அந்தக் கழிவுக் கப்பல்கள் நம் நீரிணை வழியாகப் போகும் என்று செய்தி வந்தது. விபத்து நேர்ந்தால் நம் கடல் என்னாகும் என்று யாராவது ஆராய்ந்தார்களா? இல்லை! சுற்றுச்சூழல் ஆய்வு இல்லாமலே அனுமதி! அண்ணன் வழக்குப் போட்டார். "கப்பல் எங்கோ தூரத்தில் போகிறது, உமக்கு என்ன பாதிப்பு?" என்று கேட்டுத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

சோர்ந்தாரா? நேரே கிளேபாங் போனார். கூனி இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து, சிஞ்சாலோக் விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கிய அஞ்சலை அம்மாவை மனுதாரராக்கினார். கடல் கெட்டால் இந்த அம்மாவின் அடுப்பு எரியுமா? இதைவிட என்ன பாதிப்பு வேண்டும்?

அந்த அம்மாவின் மனு நீதிமன்றத்துக்கு வந்த நாளை மறக்க முடியுமா! நீதிபதிக்குக் காட்டுவதற்காக அவரிடம் வாங்கிய சிஞ்சாலோக் போத்தலை அண்ணன் காரின் பின்னிருக்கையில் உருளவிட்டே கொண்டுவந்தார். புளித்த சிஞ்சாலோக்கைக் குலுக்கினால் என்ன ஆகுமென்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சட்டமெல்லாம் தெரிந்த அண்ணனுக்கு அது மறந்துபோயிற்று! போத்தலைத் தூக்கிக் காட்டியதுதான் தாமதம், மூடி பறந்தது. அங்கி, மேசை, எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கோப்பு, எங்கும் சிஞ்சாலோக்! பின்னாலிருந்து அஞ்சலை அம்மா கத்தினார்: "ஐயோ லோயரே, நல்லா இறுக்கித்தானே மூடிக் கொடுத்தேன்!"

நீதிமன்றமே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு மலாயில் சொன்னார்: "மாண்புமிகு நீதிபதி அவர்களே, கப்பலில் வரும் கழிவையும் நன்றாக மூடியிருப்பதாகத்தான் சொல்கிறார்கள். சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்கத்தான் நாங்கள் வந்திருக்கிறோம்."

சிரிப்பு அடங்கியது. வழக்கை விசாரிக்க அனுமதி கிடைத்தது! கரையில் வாழ்கிறவர்களுக்கும் கேட்கும் உரிமை உண்டு என்று நிலைநாட்டித் தந்த அந்த மனிதருக்கு நாம் எப்படி நன்றி சொல்வது?

விசாரணை அடுத்த மாதம். அதற்குள் அண்ணன் போய்விட்டார். இறுதிச் சடங்கன்று அஞ்சலை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "லோயரும் போயிட்டாரு. நம்ம கேசு அவ்ளோதானாய்யா?" என்று கேட்டார். அவரைக் காரில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவைத்தேன், அவ்வளவுதான்.

நேற்று கோகிலா அண்ணி அந்த அங்கியை என்னிடம் கொடுத்தார். "எவ்ளோ துவைச்சும் வாசம் போகலே, தம்பி. நீங்க போட்டுக்கிட்டு உள்ள போனாலே போதும், யாரு கேசுன்னு கோர்ட்டுக்குத் தெரிஞ்சிடும்" என்றார்.

அஞ்சலை அம்மா, சபையறிய இப்போது பதில் சொல்கிறேன். கேஸ் முடியவில்லை! அண்ணனின் அங்கியோடு உங்களுக்காக நான் வாதாடுவேன். இன்னொரு போத்தல் கொடுங்கள், அம்மா. மடியில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுபோகிறேன்.