மச்சானின் இரண்டு புரோநோட்டும் என் ஒரு கையெழுத்தும்

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவனும், அதே கடைக்கு மேல் மாடியில் குடியிருப்பவனும், ஐம்பத்திரண்டு வயதானவனும், இந்த வழக்கைக் கீழ்க்கோர்ட்டில் ஜெயித்து வீட்டில் தோற்றவனுமாகிய நான், மேல்முறையீட்டில் கோர்ட் ஆணையர் முன்பு கொடுக்கும் வாக்குமூலம்.

மேல்முறையீடு செய்திருப்பவர் டயர் கடைக்காரர், என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான். கண் பரிசோதிக்கும் மிஷின் வாங்குவதற்காக அவருக்கு இரண்டு புரோநோட்டு எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கினேன். மிஷின் நன்றாக ஓடியது, வியாபாரம்தான் ஓடவில்லை. புரோநோட்டுக்கு மூன்று வருஷம்தான் ஆயுள் என்பதால், அதற்குள் ஏதோ ஒரு தொகையைக் கொடுத்து, நோட்டின் பின்பக்கம் என் கையாலேயே வரவு எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதன் பிறகு கடன் இன்னொரு மூன்று வருஷம் உயிரோடிருக்கும்.

அடுத்த கெடு நெருங்கியபோது என் மனைவிக்கு ஆபரேஷன் நடந்தது. மச்சான் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் சட்டைப் பையில் இரண்டு நோட்டும் துருத்திக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். அதன் பிறகு கைக்குட்டையை எடுத்து அவற்றின் மேல் செருகிக்கொண்டு, "காப்பி குடிச்சியா மாப்பிள்ளை?" என்றார். மனைவி எழுந்து நடமாடுவதற்குள், நான் வரவு எழுதாமலே கெடு தாண்டிவிட்டது.

அதன் பிறகு ஒரு விருந்தில், "மச்சான் கடை டயரும் மச்சான் தலையும் ஒண்ணு, ரெண்டும் வழுவழு" என்று சொல்லிவிட்டேன். சிரித்தவர்களில் அவர் மனைவியும் ஒருவர் என்பதே வினையாயிற்று. அதுவரை என்னை நீ, வா, போ என்றிருந்த மச்சான், "கோர்ட்ல வந்து சிரிங்க" என்றார். மரியாதை கொடுத்தபோதே நான் வக்கீலைத் தேட ஆரம்பித்தேன்.

அதன் பிறகு வழக்கு வந்தது. கடன் காலாவதியாகிவிட்டது என்று என் வக்கீல் வாதாடி ஜெயித்தார். வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"எங்கண்ணன் எனக்காக ஆஸ்பத்திரியில காத்துக்கிடந்த நாளைக் கணக்குக் காட்டியா ஜெயிச்சீங்க?" என்று மனைவி கேட்டாள். அதன் பிறகு பேசவில்லை. அவள் பேசாவிட்டால் வீட்டில் பேச நான் ஒருவன்தான். நான் பேசுவதை என்னாலேயே கேட்க முடியவில்லை.

இன்று இங்கே உட்கார்ந்ததும் வக்கீல் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "சார், காலாவதியான கடனைத் தர்றேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா அதுக்குத் திரும்ப உயிர் வந்துடும். வாயை மட்டும் மூடிக்கிட்டு இருங்க, போதும்" என்றார். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பிறவியிலேயே வராத வேலை.

ஆகவே இரண்டு நோட்டின் அசலையும் வட்டியையும் மாதத் தவணையில் தருகிறேன் என்று எழுதச் சொன்னேன். எதிர் பெஞ்சிலிருந்து மச்சான், "வட்டியெல்லாம் வேணாம்னு எழுதுங்க" என்றார்.

"ஏன், நான் என்ன பிச்சைக்காரனா?" என்றேன்.

"உன்கிட்ட வட்டி வாங்கினா என் தங்கச்சி முகத்துல நான் எப்படிடா முழிக்கிறது?"

இருவரும் வெளியே போய்ச் சண்டை போட்டு முடித்துவிட்டு வரும்படி ஆணையர் சொன்னார். போய், போட்டு, வந்தோம். பாதி வட்டி என்று முடிவாயிற்று.

மேலே சொன்னதெல்லாம் நடந்தது நடந்தபடி. யாரும் மிரட்டிச் சொல்லவில்லை, மனைவி உட்பட. படித்துக் காட்டக் கேட்டேன். இந்தக் கையெழுத்தால் கடன் பிழைத்துக்கொள்ளும் என்று நன்றாகத் தெரிந்தே போடுகிறேன்.

(ஒப்பம்)
கண்ணாடிக் கடைக்காரர்