நாலாவது பக்கத்துச் சோறு

கதவைச் சாத்துங்கள். சாரல் உள்ளே அடிக்கிறது. கரண்ட் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். குற்றாலத்தில் சீசனுக்கு அறை எடுத்துவிட்டு வெளிச்சத்துக்கு ஏங்குகிறவனை நான் மதிப்பதில்லை. கதை கேட்டது நீங்கள். நடுவில் எழுந்து வெளியே போகிறவன் யாராயிருந்தாலும், திரும்பி வரும்போது பெயரைச் சொல்லிக்கொண்டு வர வேண்டும். ஏன் என்று கேட்காதீர்கள். கேட்டுக்கொண்டே வந்தால் தெரியும்.

என் சிநேகிதன் மசூதுவின் பெரியாப்பா மகன் துல்கர்னைன். தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவன். அவன் தங்கை ஹைருன் பீவியின் கல்யாணம், பந்தல் போட்டு, ஆட்களெல்லாம் வந்து உட்கார்ந்த பிறகு நின்றுபோனது. அதற்கு ஊரில் நாலு காரணம் சொல்வார்கள். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் ஒரு பெண்டாட்டி என்பார்கள். நகைத் தகராறு என்பார்கள். எல்லாம் வாய்க்கு வந்த பேச்சு. மசூது கூடவே இருந்தவன். அவன் சொன்னதைச் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது, சித்திரை. வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. வாசுதேவநல்லூரைத் தாண்டி மேற்கே, மலையைப் பார்த்துப் போகிற ஒரு வண்டித் தடம். இரண்டு பக்கமும் உடைமரம், கள்ளி. ஆள் கிடையாது. தடம் போய் முடிகிற இடத்தில் ஒரு காட்டாறு. ஆறு என்பது பெயருக்குத்தான். ஐப்பசியில் பத்து நாள் ஓடும். மற்றபடி வருஷம் முழுக்க மணல்... வெள்ளை மணல். நடுவில் ஒரு பாறைக்கு அடியில் மட்டும் ஒரு கசம். எந்தக் கோடையிலும் வற்றாத ஆழமான பள்ளம். சுற்று வட்டாரத்தில் வேறு தண்ணீர் இல்லாததால், இருட்டியதும் மிளா மான், பன்றி, கரடி எல்லாம் அங்கேதான் குடிக்க வரும். அதைப் பார்க்கத்தான் போனார்கள். துப்பாக்கி எல்லாம் இல்லை. சும்மா பார்க்க.

போனது நாலு பேர். துல்கர்னைன், மசூது, கடையில் துணி கிழிக்கிற யாக்கூப், நாலாவது அகமது கபீர். கபீர்தான் மாப்பிள்ளை. துல்கர்னைனுக்கு மாமி மகன். ஆறு வருஷம் கொழும்பில் இருந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தான். பத்து நாளில் நிக்காஹ்.

மற்ற மூன்று பேரும் போனது மிளா பார்க்க. துல்கர்னைன் போனது கபீரைப் பார்க்க. வாப்பா இல்லாத வீடு. தங்கையைக் கைப்பிடித்துக் கொடுக்க வேண்டியவன் அவன்தான். நாளைக்கு அவள் கண் கலங்கினால் ஊர் அவனைத்தான் கேள்வி கேட்கும். அதனால் பயல் இராத்தூக்கம் இல்லாமல் சந்தேகப்பட்டான். கபீர் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறான், பேசாமல் இருந்தால் எதை மறைக்கிறான். வண்டியில் வரும்போதே மசூதுவின் காதைக் கடித்தான்.

"ஆறு வருசம் ஒருத்தன் கொழும்புல சும்மாவாலே இருப்பான்? ஒரு ராத்திரி கூட இருந்து பாப்போம். தெரிஞ்சிரும்."

மணலில் சக்கரம் புதையும் என்று வண்டிக்காரர் சங்கிலிப்பாண்டி கரையிலேயே நிறுத்திவிட்டார். இவர்கள் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். கசத்துக்கு நாற்பது அடி இப்பால் மணலில் ஜமுக்காளத்தை விரித்தார்கள். போகும்போதே சங்கிலிப்பாண்டி சொல்லி அனுப்பியிருந்தார்.

"வெளக்கு கூடாது அண்ணாச்சி. பேச்சும் கூடாது. அப்பதான் வரும்."

இருட்டியது. நிலா இல்லை. மணலிலிருந்து சூடு ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பக்கிக்குருவி விடாமல் கத்தியது... டக், டக், டக் என்று, யாரோ பலகையில் தட்டுகிற மாதிரி. ஏழரை மணி இருக்கும், கபீர் எழுந்தான். கொழும்பிலிருந்து கொண்டுவந்த பைனாகுலரை வண்டியிலேயே வைத்துவிட்டானாம். எடுத்து வருகிறேன் என்று போனான்.

"பைனாகுலரும் இல்ல, மண்ணும் இல்ல. பீடி குடிக்கப் போறான்" என்றான் துல்கர்னைன்.

கால் மணி நேரம் ஆயிற்று. துல்கர்னைன் பொறுக்காமல் சகனைத் திறந்து நடுவில் வைத்தான். சகன் உங்களில் சிலருக்குத் தெரியாது. பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டி, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது. அவனவன் தன் பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அடுத்தவன் பக்கம் கை போகக் கூடாது. துல்கர்னைன் பெண்டாட்டி ரஹ்மத்துன்னிசா நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் கட்டிக் கொடுத்திருந்தாள்.

மூன்று பேரும் பிஸ்மி சொல்லிக் கை வைத்தார்கள். அப்போது... பக்கிக்குருவி நின்றது. நாலாவது பக்கத்தில் ஆள் வந்து உட்கார்ந்தான். முகம் எங்கே தெரிகிறது அந்த இருட்டில்? உருவம்தான். கையை நீட்டிச் சாப்பிட ஆரம்பித்தான்.

துல்கர்னைன் மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். பீடி வாடை இல்லை. பாசி வாடை அடித்தது. குளத்தின் அடிச்சேற்றைக் கிளறினால் வருமே, அந்த வாடை. அவன் என்ன நினைத்தான் தெரியுமா? பீடி வாடை தெரியக் கூடாது என்று பயல் கசத்தில் வாய் கொப்பளித்துவிட்டு வருகிறான். சந்தேகம் பிடித்தவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கையில் இருக்கும். அதுதான் அவனைக் கெடுத்தது.

வேறொருவனாக இருந்தால் அந்த இடத்தில் எழுந்திருப்பான். இவன் விசாரணையை ஆரம்பித்தான்.

"கபீரு, கேட்டதுக்குப் பதில் சொல்லு. உன் மனசுல என் தங்கச்சி இருக்காளா, வேற எவளும் இருக்காளா?"

மெல்லுகிற சத்தம் மட்டும். சோறு மெல்லுகிற சத்தம் இல்லை, மணலை மெல்லுகிற சத்தம் மாதிரி... நறநற என்று. கறியில் எலும்பு என்று மசூது நினைத்துக்கொண்டான்.

"வாயைத் தொறக்கானா பாரு. சரி, நீ உண்மையானவன்னா இப்பவே கையைக் குடு. சாட்சிக்கு இவனுவ ரெண்டு பேர் இருக்கானுவ. குடுலே."

கை வந்தது. துல்கர்னைன் சட்டென்று பிடித்துக்கொண்டான். ஜில்லென்று இருந்தது. கை நனைந்து, ஈரமணல் ஒட்டியிருந்தது. விடவில்லை. மாப்பிள்ளை பதறுகிறானா பார்ப்போம் என்று, பந்தலில் சொல்ல வேண்டியதை அந்த மணலில் உட்கார்ந்துகொண்டு சொன்னான்.

"என் தங்கச்சி ஹைருன் பீவியை உனக்கு நிக்காஹ் செஞ்சு குடுத்தேன். இப்ப சொல்லு. ஒத்துக்கிடுதியா?"

"ஒப்புக்கொண்டேன்."

ஒரே ஒரு சொல்தான். வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிறவன் குரல். யாக்கூப் சிரித்தான். துல்கர்னைனும் மனசு லேசாகிச் சிரித்தான். கபீர் ஊருக்கு வந்த பிறகு அன்றைக்குத்தான் அவன் சிரித்தது என்று மசூது சொல்வான். உருவம் கையை உருவிக்கொண்டு எழுந்து கசத்தின் பக்கம் போனது. கை கழுவப் போகிறான் என்று விட்டுவிட்டார்கள். மணலில் நடந்தால் சரக் சரக் என்று கேட்க வேண்டுமே... கேட்கவில்லை.

அந்த நேரம் கரையிலிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. சங்கிலிப்பாண்டி. அவருக்குப் பின்னால், கழுத்தில் பைனாகுலரோடு, வேர்த்து விறுவிறுத்துக் கபீர்.

"காளை ஒண்ணு கயித்தை அத்துக்கிட்டு ஓடிருச்சு மச்சான். நானும் இவரும் தொரத்திப் பிடிக்கதுக்குள்ள உசுரு போயிருச்சு. எனக்குச் சோறு வச்சிருக்கியளா?"

சங்கிலிப்பாண்டி டார்ச் வெளிச்சத்தைத் தாம்பாளத்தில் அடித்தார். மூன்று பக்கம் காலி. நாலாவது பக்கத்துச் சோறு குவித்தது குவித்தபடி இருந்தது. ஒரு பருக்கை குறையவில்லை. அதன் மேல் ஒரு பிடி ஈரமணல்.

அவர் டார்ச்சை அணைத்துவிட்டு, "எந்திரிங்க. வண்டியில ஏறுங்க" என்றார். அன்றைக்கு ஒரு மிளாகூடத் தண்ணீருக்கு வரவில்லை.

துல்கர்னைன் என்ன செய்தான் என்று நினைக்கிறீர்கள்? அப்போதும் கபீரைத்தான் சந்தேகப்பட்டான். "ரெண்டு பேரும் சேந்து நாடகம் போடுதானுவ" என்றான். ஆனால் அந்தக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தான். தென்காசி வந்து சேர்கிற வரை துடைத்தான்.

மசூதுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னான்.

"விளையாட்டாச் சொன்னாலும் நிக்காஹ் நிக்காஹ்தாம்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் ஓதிக் குடுத்திருக்காவ. பொண்ணுக்கு உரியவன் நீ சொல்லிட்ட. அங்கன ஒருத்தன் ஒத்துக்கிட்டான். சாட்சிக்கு நாங்க ரெண்டு பேரு. எனக்குப் பயமா இருக்கு."

துல்கர்னைன் மசூது சொன்னதை விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். பிறகு அவன் முகத்தில் தெளிவு வந்தது.

"பொண்ணு சம்மதம் இல்லாம எந்த நிக்காஹ்லே? ஹைருன்கிட்ட யாரு போய்க் கேட்டா? அவ சரின்னு சொல்லல. அப்ப அது வெறும் பேச்சு. விட்டுத் தள்ளு."

மசூதுக்கும் அது சரியாகப் பட்டது. மூன்று பேரும் வெளியே மூச்சு விடுவதில்லை என்று பேசிக்கொண்டார்கள். கபீர் மேல் இருந்த சந்தேகம் மெல்லக் குறைந்தது. நல்ல பையன், கொழும்பிலும் ஒன்றும் இல்லை என்று விசாரித்ததில் தெரிந்துவிட்டது. துல்கர்னைனுக்கு அவனைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. பந்தலைப் பெரிசாகப் போடச் சொன்னான்.

நிக்காஹ் அன்று காலை. கபீர் மாலையோடு உட்கார்ந்திருந்தான். ஹஜ்ரத் பதிவுப் புத்தகத்தை விரித்துவிட்டு, "பொண்ணுகிட்ட சம்மதம் கேட்டு வாங்க" என்றார். முறைப்படி துல்கர்னைனும், சாட்சிகளாக மசூதுவும் யாக்கூபும் வீட்டுக்குள் போனார்கள். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். ஹைருன் பீவி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

துல்கர்னைன் கேட்டான். "அகமது கபீருக்கு உன்னை நிக்காஹ் செஞ்சு குடுக்கச் சம்மதமாம்மா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் வெட்கம்தான். கொஞ்சம் சிரிப்பும் இருந்தது.

"எத்தன தடவ கேப்பீய அண்ணே? அதான் போன வெள்ளிக்கு முந்துன வெள்ளி, மகுரிபு தொழுகை முடிஞ்சு கேட்டுட்டியளே. நீங்களும் ரெண்டு சாட்சியும் சன்னலுக்கு வெளிய வந்து நின்னீய. வெளக்கை எடுக்காதன்னு சொன்னீய. ஒடம்பெல்லாம் ஈரமா இருந்துச்சு."

துல்கர்னைன் வலது கையை வேட்டியில் துடைத்தான். "நான் என்னம்மா கேட்டேன்?"

"ஆத்துல இருக்கவருக்கு உன்னைக் குடுக்கச் சம்மதமான்னு கேட்டீய. கபீர் மச்சானும் அன்னைக்கு ஆத்துக்குத்தான போயிருந்தாவ. சரின்னு சொன்னேன்."