நாலரை அங்குலச் சுவரும் இடது ஸ்பீக்கரும்

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவை முதல் தாளிலேயே எழுதிக்கொள்ளப்பட்டுள்ளன. வயது ஐம்பத்து மூன்று. கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். திருமணம் ஆகவில்லை. இறந்துபோனவர் என் உடன்பிறந்த அண்ணன். எங்கள் தகப்பனார் விட்டுச்சென்ற வீட்டின் முன்பாதியில் அண்ணனும் அண்ணியும், பின்பாதியில் நானும் குடியிருந்து வந்தோம். இந்தச் சம்பவம் குறித்து நான் ஏற்கனவே ஆய்வாளரிடம் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் ஒரு பொய் இருக்கிறது. அதைத் திருத்துவதற்காக, யாரும் அழைக்காமல், இன்று நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன்.

என் அண்ணன் கட்டட ஒப்பந்தக்காரர். வீட்டைப் பிரித்தபோது நடுச்சுவரை அவரே ஆள் வைத்துக் கட்டினார். ஊராருக்கெல்லாம் ஒன்பது அங்குலச் சுவர் கட்டிக் கொடுத்தவர், எனக்கும் தனக்கும் நடுவில் நாலரை அங்குலத்தில் முடித்துக்கொண்டார். நான் கேட்டதற்கு, "உனக்கென்ன புள்ளையா குட்டியா, எதுக்குடா அவ்ளோ கெட்டியா" என்றார். சாலையைப் பார்த்த பாதி அவருக்கு, கிணற்றைப் பார்த்த பாதி எனக்கு என்று முடிவு செய்ததும் அவர்தான். இவற்றை நான் மறக்கவில்லை என்பதையும் பதிவு செய்துகொள்ளவும்.

அந்த நடுச்சுவரை ஒட்டியது நான் பாட்டுக் கேட்கும் அறை. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணனின் கட்டில். ஸ்பீக்கர்கள் இரண்டும் என் இடுப்பளவு உயரம் உள்ளவை. பாட்டு ஓடும்போது அண்ணன் கட்டிலில் உட்கார்ந்தபடி கைத்தடியால் சுவரைத் தட்டுவார். "டேய் வாத்தியாரே, மண்டைக்குள்ள லாரி ஓடுதுடா, கொஞ்சம் அடக்கு" என்பார். உறவினர் நடுவில் என்னை "ரெண்டு பெட்டியோட குடும்பம் நடத்துறவன்" என்று சொல்லிச் சிரிக்க வைப்பார். அவர் சுவரைத் தட்டினால் நான் வாயால் பதில் சொல்வதில்லை. ஒலியைக் கூட்டுவேன். அதுவே எங்களுக்குள் பேச்சுவார்த்தையாக இருந்து வந்தது.

சம்பவம் நடந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணி வழக்கம்போல எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, "தம்பி, நான் மக வீடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன். உங்க அண்ணனுக்குக் காலையிலேர்ந்து தலை கிறுகிறுங்குதாம். ஒரு எட்டு போய்ப் பாத்துக்குங்க" என்றார். "வேணும்னா கூப்பிடுவாரு அண்ணி, அப்போ பாக்கறேன்" என்றேன். "கூப்பிட்டா மட்டும் உங்க காதுல விழுந்துடுமாக்கும்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

அதன் பிறகு நான் சாப்பிட்டுவிட்டு ஸ்பீக்கர்களை இடம் மாற்றத் தொடங்கினேன். சுவரோரத்திலும் மூலையிலும் பெட்டி நின்றால் கனத்த ஒலி வீங்கிவிடும். பாடுபவர் பானைக்குள் தலையை விட்டுப் பாடுவதுபோல இருக்கும். சரியான இடத்தில் நின்றால் பெட்டிகள் இருப்பதே தெரியாது. அவற்றுக்கு நடுவே வெற்றிடத்தில் ஓர் ஆள் நின்று பாடுவது போலக் கேட்கும். எத்தனையோ வருடங்களாக அந்த அறையில் எனக்கு அது கிடைக்கவில்லை. அதற்கும் அண்ணனின் சுவரே காரணம் என்று நம்பியிருந்தேன். அடியில் கம்பளித் துணியைக் கொடுத்து இரண்டு பெட்டிகளையும் நடுச்சுவரிலிருந்து முன்னால் இழுத்தேன். நின்ற இடத்தைச் சாக்பீஸால் குறித்தேன். முகங்களை என் நாற்காலியை நோக்கிச் சற்றே திருப்பினேன். நாற்காலியையும் பின்சுவரிலிருந்து முன்னால் நகர்த்தினேன். அதன் பிறகு பாட்டை ஓடவிட்டு உட்கார்ந்தேன்.

அப்போது இடது பெட்டிப் பக்கம் தாளத்தோடு சேராத ஒரு தட்டல் கேட்டது. பெட்டியின் அதிர்வு என்று நினைத்தேன். எழுந்துபோய் அதைச் சற்றுப் பின்னால் தள்ளினேன். தட்டல் போகவில்லை. மறுபடி முன்னால் இழுத்தேன். அப்போதும் போகவில்லை. தட்டலைப் பெட்டியின் அதிர்வு என்று நினைத்துக்கொண்டதாகவும், பாட்டுச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை என்றும் முதல் வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறேன். பொய் இருப்பது இந்த இடத்தில்தான். அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்காக நான் பாட்டை நிறுத்தினேன். அறை அமைதியானது. தட்டல் மட்டும் வந்தது. பாடாத பெட்டி அதிராது என்பது என் மாணவர்களுக்கே தெரியும். தட்டுவது அண்ணன் என்று எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு பாட்டை மறுபடி ஓடவிட்டு, முன்பு இருந்ததைவிட ஒலியைக் கூட்டினேன். சற்று நேரத்தில் தட்டல் நின்றுவிட்டது. ஒருவழியாக அடங்கினார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். அப்போது பாடுபவர் நடுவில் வந்து நின்றார். அவர் மூச்சை இழுப்பது கேட்டது. அந்த அறையில் அவ்வளவு நல்ல ஒலியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்த இசைத்தட்டை முழுவதும் கேட்டேன். இன்னொன்றையும் கேட்டேன். சந்தோஷமாக இருந்தேன்.

அதன் பிறகு பொழுது சாயும் நேரத்தில் அண்ணி என் கதவருகே வந்து நின்று, "தம்பி, அவரு கீழ கெடக்காரு" என்று மெல்லிய குரலில் சொன்னார். போய்ப் பார்த்தபோது அண்ணன் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் ஒருக்களித்துக் கிடந்தார். கைத்தடி கையில் இருந்தது. உடல் இன்னும் சூடாகத்தான் இருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். உயிர் பிரிந்துவிட்டது என்றும், விழுந்ததில் மண்டைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்றும், விழுந்தவுடன் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றும் மருத்துவர் சொன்னார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டு ஓடினா இவருக்கு இடி விழுந்தாலும் கேக்காதுங்க டாக்டர்" என்றார். என்மேல் பழி வரக்கூடாது என்று அதையே அண்ணி காவல்துறையிடமும் சொல்லியிருக்கிறார். ஆய்வாளர் அதை எனக்குப் படித்துக்காட்டி, "நீங்களும் அப்படியே சொல்றீங்க, எழுதிக்கலாமா சார்" என்று கேட்டார். "எழுதிக்குங்க" என்றேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொந்தரவு என்று புகார் செய்யத்தான் அண்ணன் தட்டுகிறார் என்று நினைத்தேன் என்று சொன்னால், இங்கே உள்ளவர்கள் அதை நம்பிவிடுவார்கள். ஆனால் வழக்கமாக அவர் தட்டுவது, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் தோளுயரத்தில் கேட்கும். அன்று தரையோரத்திலிருந்து கேட்டது. ஓர் ஓசை எந்தப் பக்கத்திலிருந்து, எந்த உயரத்திலிருந்து வருகிறது என்று பிரித்தறிவதுதான் அன்று நான் செய்துகொண்டிருந்த வேலை. இதையும் பிரித்தறிந்தேன். ஏன் இவ்வளவு கீழேயிருந்து வருகிறது என்று ஒரு கணம் யோசித்தேன். யோசித்த பிறகுதான் ஒலியைக் கூட்டினேன்.

யாருடைய வற்புறுத்தலும் இன்றி, தெளிந்த மனதோடு இதைச் சொன்னேன். ஆய்வாளர் முழுவதையும் எனக்குப் படித்துக்காட்டினார். அண்ணி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் படித்துக்காட்ட வேண்டும் என்று கேட்டேன். "அதெல்லாம் வழக்கம் இல்ல சார், நீங்களே போய்ச் சொல்லிடுங்க" என்றார் ஆய்வாளர். என்னால் முடியாது என்றேன். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதியிருப்பது அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)