பாட்டுக்கு முந்தைய மூச்சு

நான் எப்போதுமே கதவை மெதுவாகத்தான் சாத்துவேன். நான் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது என்று அக்கா குறைப்படுவாள். அதனால்தான் இதை எழுதித் தருகிறேன், ஐயா. நேரில் கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் விசாரணையை நிறுத்திவிட்டுப் பேனாவும் தாளும் கொடுத்தது நல்லதாயிற்று.

அத்தான் உங்களிடம் கொடுத்த புகாரை நான் படிக்கவில்லை. அதில் "திருட்டு" என்ற சொல் இருந்தால் அடித்துவிடலாம். எதுவும் திருடு போகவில்லை. எல்லாவற்றுக்கும் எண் போட்டு, பையிலும் பெரிய சாக்கிலும் கட்டி, கடையின் பின்னறையில் அடுக்கியிருக்கிறேன். சாக்குக்குள்ளும் போகாதது ஒன்றே ஒன்று. அதை இரண்டு பழைய டயர்களின் மேல் ஏற்றிப் போர்வை போட்டு மூடியிருக்கிறேன். தூசி படக்கூடாது.

அத்தான் என் அக்காவின் கணவர். கார்களுக்கு ஸ்பீக்கர் செட் பொருத்தும் கடை அவருடையது. நான் இயற்பியல் படித்தேன். நேர்முகத் தேர்வுகளில் வாய் திறக்காமலே எட்டு வேலைகளை இழந்தேன். அதன்பிறகு அவர்தான் கூப்பிட்டு ஒயர் இழுக்கும் வேலையைக் கொடுத்தார். "ஸ்பீக்கர் உன்னைக் கேள்வி கேக்காது, பயப்படாதே" என்றார். இன்றுவரை கேட்கவில்லை.

புதன்கிழமை அத்தான் சரக்கு எடுக்க வெளியூர் போனார். அவர் போன ஒரு மணி நேரத்தில் பல் டாக்டர் வந்தார். சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். முன்பக்கம் நீளம், கூரை என் இடுப்புக்குத்தான் வரும், உள்ளே இரண்டே இருக்கை. டாக்டருக்கு ஐம்பத்திரண்டு வயது. காரிலிருந்து வெளியே வர முதலில் ஒரு காலைக் கையால் தூக்கி வெளியே வைத்தார், பிறகு மற்றதை, பிறகு சற்று யோசித்துவிட்டு மிச்சத்தை.

"கம்பெனி செட் சரியில்லையா சார்?" என்று கேட்டேன். அன்றைக்கு நான் பேசிய முதல் வாக்கியம் அது.

"செட்டு நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஒரு மூச்சு கேக்கணும்."

விஷயம் இதுதான். அவருக்கு ஒரு மகள். அவள் பாட்டுப் படிக்கிறேன் என்றாள், இவர் பல் படி என்றார். வார்த்தை தடித்தது. இரண்டு வருடமாகப் பேச்சில்லை. போன வாரம் அவளிடமிருந்து ஒரு பதிவு வந்தது, அவள் பாடிய பாட்டு. கூட ஒரு வரிகூட எழுதவில்லை.

"பாடறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு எடுப்பா. அதுதான் அழகுன்னு அவ அம்மா சொல்றா. என் நர்ஸ் சொல்றா. பல்லைக் காட்ட வந்தவங்ககூட சொல்லிட்டாங்க. எனக்கு மட்டும் கேக்கல. முப்பது வருஷமா காதுகிட்டயே டிரில் ஓட்டினா எப்படிக் கேக்கும்?"

"ஹெட்போன்ல கேக்கலாமே சார்."

"வண்டியில கேக்கணும்மா. சனிக்கிழமை ஹாஸ்டலைக் காலி பண்றா. கூட்டிட்டுப் போக வரட்டுமான்னு கேட்டேன். 'ம்'னு ஒரு எழுத்து அனுப்பினா. ரெண்டு மணி நேர ரோடு. பாட்டைப் போட்டு, உன் மூச்சு கேட்டுதுன்னு சொல்லணும். வேற என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியல." கொஞ்ச நேரம் காரின் கூரையைத் துடைத்தார். "எது வேணும்னாலும் பண்ணு. இதுக்குள்ள அது கேக்கணும்."

"எது வேணும்னாலும்" என்பதை வேலைச் சீட்டில் அப்படியே எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கினேன். சீட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

முதல் நாள் வழக்கமான வேலைதான். கதவுகளில் நல்ல ஸ்பீக்கர்கள், பின்னால் தாழ்ந்த ஓசைக்கு ஒரு பெட்டி, பாட்டரியிலிருந்து தடித்த ஒயர். கதவுத் தகடுகளுக்குள் அதிர்வைக் குடிக்கும் தார்ப்பட்டைகளை ஒட்டினேன். ஒட்டி முடித்தபின் நடுக்கம் பார்க்க வேண்டும். அடித்தொண்டை போன்ற ஒரு சுருதியை ஓடவிட்டு மெல்ல ஏற்றிக்கொண்டே போனால், காரில் எது தளர்ந்திருக்கிறதோ அது முனகும். அங்கே உள்ளங்கையை வைக்க வேண்டும், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல.

முதலில் நம்பர் பிளேட் முனகியது. கழற்றினேன். எல்லாக் கடையிலும் அதை இறுக்குவார்கள். ஆனால் இறுக்கியது மறுபடி தளரும். கழற்றியது தளராது.

பிறகு பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி. பின்னால் என்ன வருகிறது என்பது பாட்டுக்குத் தேவையில்லாத செய்தி. பிறகு வெயில் மறைப்பான்கள், சாமான் வைக்கும் அறையின் மூடி, வைப்பர் இரண்டு, சீட் பெல்ட்டின் கொக்கி, கொக்கி இல்லாததால் சீட் பெல்ட், ஏ.சி. காற்றாடி. ஹாரன் சும்மா இருக்கும்போது ஊமைதான். ஆனால் அதைத் தாங்கும் தகடு ஊமையில்லை.

பக்கத்து இருக்கையின் ஸ்பிரிங் கீச்சென்றது. எண்ணெய் விட்டேன். குறைந்தது, நிற்கவில்லை. அது மகள் உட்கார வேண்டிய இருக்கை என்பது எனக்குத் தெரியும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடையக்கூடாது. நாற்பதாம் எண் அதுதான்.

வியாழன் மாலை ஓசைமானியில் முப்பத்திநாலு டெசிபல் காட்டியது. எங்கள் வீட்டில் அக்கா கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கும்போது இருக்கும் அளவு. பாட்டைப் போட்டேன். மூச்சு கேட்டது. சின்ன மூச்சு. முடிவில் ஒரு தயக்கம். கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று யாரோ வெளியே நிற்பது போல. எனக்கு அந்த இடத்தில் நிற்கத் தெரியும் என்பதால், அதை நான் பத்துத் தடவை கேட்டேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆனால் டாக்டர் காரை ஓட்டப்போகிறார். அதனால் சாவியைத் திருகிப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு. மூச்சு போன இடம் தெரியவில்லை. இன்ஜினுக்கும் இருக்கைக்கும் நடுவில் இருக்கும் தகட்டில் மூன்று அடுக்கு பட்டை ஒட்டினேன். ஐம்பத்தாறு. நோய் ஓரிடத்தில் இருக்க மருந்தை வேறிடத்தில் பூசுவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

வெள்ளிக்கிழமை காலை பக்கத்துக் கொட்டகை மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவரிடம் கனமானதைத் தூக்கும் சங்கிலிக் கப்பி இருக்கிறது. அதனால் தெருவில் அவருக்குச் சங்கிலி அண்ணன் என்று பெயர்.

"என்ன பாப்பா கோளாறு?"

"சத்தம் போடுது அண்ணா."

"இன்ஜின் சத்தம் போடாம தாலாட்டா பாடும்?"

"இறக்கணும்."

"இறக்கிட்டு?"

நான் பதில் சொல்லவில்லை. நான் பதில் சொல்லாதது தெருவுக்கே பழக்கம் என்பதால் அவர் மேலே கேட்கவில்லை. என் கூச்ச சுபாவம் எனக்கு உதவியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். மாலை நான்கு மணிக்கு இன்ஜின் வெளியே வந்தது. அழகான பொருள். நாற்பத்தொன்று என்று சீட்டு கட்டினேன்.

"திருப்பி எப்ப மாட்டணும்னு சொல்லி அனுப்பு" என்றார் அண்ணன்.

"சொல்றேன்" என்றேன். நான் சொன்ன ஒரே பொய் அது. தொட்டியில் இருந்த பெட்ரோலையும் வடித்துவிட்டேன். அதற்கு இனி வேலையில்லை, சும்மா இருந்தால் அலம்பும்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு டாக்டர் இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையில் வந்தார். காருக்குள் இறங்கினார். நான் கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு பாட்டைப் போட்டேன். அவர் முகம் மாறியது. மறுபடி போடச் சொன்னார். ஐந்து தடவை.

"கேட்டுதும்மா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருகினார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி திருகினார்.

"சார், அது இல்ல."

"எது இல்ல?"

"இன்ஜின்."

அவர் என்னைப் பார்த்தார். பல்லில் கை வைத்தபின் வேறு பல் என்று தெரிந்த டாக்டர் எப்படிப் பார்ப்பாரோ அப்படி.

"இல்லைன்னா?"

"இருக்கு சார். உள்ளே. நாற்பத்தொன்னாம் நம்பர்."

நான் வேலைச் சீட்டைக் காட்டினேன். அவர் தன் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார். பெரியவர், கத்தவில்லை. "பத்து மணிக்கு அவ ஹாஸ்டல் கேட்டுல நிப்பா. ரெண்டு வருஷம் முன்னாடியும் நான் வரேன்னு சொல்லிட்டு வரல. இந்தத் தடவையும் போகலைன்னா அவ்வளவுதான்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். அவருடைய கை நடுங்கியது. அது ஓசை எழுப்பாத நடுக்கம் என்பதால் நான் ஒன்றும் செய்யவில்லை. மகளை அழைத்து வருவது சீட்டில் எழுதப்படாத வேலை என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

அவர் போன் செய்தார். அந்தக் காருக்குள் மறுமுனை பேசியதும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் வேலையின் தரத்துக்கு இது ஒரு சான்று.

"நான்தாம்மா. வர முடியல. கார்ல இன்ஜின் இல்ல."

பிறகு அந்தப் பெண், இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, அவரிடம் பேசினாள். "அப்பா, பொய் சொல்றதுக்கு உங்களுக்கு வேற எதுவும் கிடைக்கலையா?"

"சத்தியமா இல்ல."

"பஞ்சர்னு சொல்லுங்க, நம்பலாம். இன்ஜின் எப்படி இல்லாம போகும்? எங்க இருக்கீங்க? நானே வந்து கண்ணால பாக்கறேன். இருந்துதுன்னு வைங்க, அப்புறம் ஜென்மத்துக்கும் பேச மாட்டேன்."

பஸ் பிடித்துப் பன்னிரண்டரைக்கு வந்தாள். பெட்டியை வாசலில் போட்டாள். அப்பாவை ஏறிட்டும் பார்க்காமல் காரின் முன் மூடியைத் தூக்கினாள். உள்ளே ஒரு பாட்டரியும், அதற்கு அப்பால் எங்கள் கடையின் சிமெண்டுத் தரையும் தெரிந்தன.

"அப்பா" என்றாள். "நெஜமாவே இல்ல."

"நான்தான் சொன்னேனே."

பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அவரும் சிரித்தார். மானி எண்பத்தொன்று காட்டியது. நான் பொறுமையாகக் காத்திருந்தேன்.

இருவரும் காருக்குள் இறங்கினார்கள். இருக்கை இல்லாததால் அவள் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். மூன்று நாள் உழைப்புக்கான நேரம் இது. பாட்டைப் போட்டேன். மூச்சு வந்தது.

"இதோ, இதோ, கேட்டியா?" என்றார் டாக்டர், சரியாக அதன் மேலேயே.

"அது மூச்சில்லப்பா. பயம். பாதியில ஓடிடலாமான்னு இருந்துது."

"எதுக்குப் பயம்?"

"நீங்க கேப்பீங்கன்னுதான். அது இருக்கட்டும், தலைக்கு என்ன இது, பூட் பாலிஷா?"

"டை அடிச்சேம்மா. அம்மாதான் நல்லாயிருக்குன்னா."

"அம்மா உங்களைப் பழி வாங்கியிருக்காங்க."

மறுபடி போட்டேன். அவர்கள் பாட்டுக்கு மேலே பேசினார்கள். மூன்றாவது தடவை போட்டேன். அவர் மன்னிப்புக் கேட்டார், அவளும் எதற்கோ கேட்டாள், எது யாருடைய தவறு என்று சண்டை வந்தது, அதிலும் சிரித்தார்கள். ஒரு தடவைகூட மூச்சைக் கேட்கவில்லை. மானியைப் பார்த்தேன். அறுபத்திநாலு. இன்ஜினைவிட ஆறு அதிகம்.

இதற்கு மேல் நடந்ததுதான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது. மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. சத்தம் எங்கிருந்து வருகிறதோ அதைக் கழற்றுவது என் வேலை. கதவைத் திறந்து, "ரெண்டு பேரும் இறங்குங்க" என்றேன். டாக்டரின் சட்டைப் பொத்தானில் நாற்பத்திரண்டு என்று சீட்டு கட்டினேன், மகளின் மணிக்கட்டில் நாற்பத்திமூன்று. பின்னறைக்கு வழி காட்டினேன். அவர்கள் அங்கே போகாமல் தெருவுக்குப் போனார்கள், அது என் கைமீறிய விஷயம். நான் உள்ளே இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்திப் பூட்டிக்கொண்டேன். மூன்று மணிக்கு ஊரிலிருந்து வந்த அத்தான் கத்தியதும், ஐந்து மணிக்கு நீங்கள் லத்தியால் கண்ணாடியைத் தட்டியதும் உண்மையிலேயே எனக்குக் கேட்கவில்லை. அவமரியாதை செய்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டாக்டர் புகார் கொடுக்கவில்லை, கார் மெல்ல வரட்டும் என்று சொல்லிவிட்டார் என்கிறீர்கள். அவர் பெருந்தன்மை அது. ஆனால் அவரை நினைத்தால் எனக்கு மனசு கேட்கவில்லை. முன் கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எதிரே பஸ் நிறுத்தத்தில், சீட்டுகளைக்கூட அவிழ்க்காமல் இருவரும் நின்றார்கள். ஒரு லாரி போனது, பின்னாலேயே இரண்டு பஸ், குறைந்தது எண்பத்தைந்து டெசிபல் இருக்கும். அவர் குனிந்து அவள் வாயருகே காதைக் கொண்டுபோனார். அவள் கையைக் குவித்து எதையோ கத்தினாள். அவர் தலையாட்டிவிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். ஒரு மணி நேரம், நான்கு பஸ்களை விட்டுவிட்டு, அப்படியே நின்றார்கள். இவ்வளவு நல்ல காரை வைத்துக்கொண்டு அந்த மனிதர் ஒன்றையும் சரியாகக் கேட்காமலே போனார், பாவம்.