படத்தில் நேரான சுவர்

என் சிநேகிதன் யுவராஜின் மச்சான் சுதாகருக்கு நடந்தது இது. இன்னும் நெருங்கி உட்காருங்கள்...

மாலை ஆறரை மணி. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் ரோடு. பனி இறங்கிவிட்டது. சுதாகரின் பைக்கைத் தவிர மேலேயும் கீழேயும் ஒரு வண்டி இல்லை.

கட்டடங்களின் உட்புறத்தை ஃபிலிமில் படம் எடுப்பது அவன் தொழில். கேமரா கொஞ்சம் அண்ணாந்து பார்த்தால் போதும், படத்தில் சுவர்கள் மேலே போகப் போக ஒன்றை நோக்கி ஒன்று சாயும். அதை நேராக்குவதில் அவன் கில்லாடி. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் ஓர் உயிரைக் குடித்தது.

போன வருஷம் அந்த மலை மேல் வாழவந்தி நாட்டில் ஒரு விடுதி கட்டினார்கள். அதில் கூடத்துச் சுவர் நிஜமாகவே சாய்ந்திருந்தது. சித்தாள் பொன்னாயி நூலில் கட்டிய தூக்குக்குண்டைச் சுவரோரம் தொங்கவிட்டுக் காட்டினாள். ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். முதலாளி சுதாகரைக் கூப்பிட்டார். அவன் கேமராவில் ஃபிலிம் இருக்கும் பின்பலகையைச் சுவரின் சாய்வுக்கே சாய்த்து வைத்து எடுத்தான். படத்தில் சுவர் நட்ட கம்பமாக நின்றது. அதை அவனே பொன்னாயியிடம் நீட்டினான்.

"படத்துல நேராத்தானே இருக்குது? அப்புறமென்ன?"

"படம் நிக்குதுங்க சாமி. செவுரு நிக்காதுங்க."

படத்தை நம்பி எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். வேறு வழியில்லாமல் அவளும் போனாள். சுவர் விழுந்தது... அவள் மேல்.

இப்போது அதே இடத்தில் புதுச் சுவர். விளம்பரத்துக்குப் படம் வேண்டுமாம். அதற்குத்தான் அந்த மாலையில் துளிகூடக் கூச்சமில்லாமல் மலை ஏறிப் போனான். எனக்கு அவன் மேல் பரிதாபமே வரவில்லை.

ஆளில்லாத கூடம். கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு கேமராவின் கண்ணாடியைப் பார்த்தான். அதில் எப்போதும் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். ஈரச் சிமெண்ட் வாசனை வந்தது. சுவரில் ஏதோ இடித்தது... டக்... டக்...

கண்ணாடியில் சுவர்கள் சாய்ந்திருந்தன. சாய்வைச் சரிசெய்யும் திருகைத் திருப்பினான். இன்னும் சாய்ந்தன. தலைகீழான அந்தக் கூடத்தில் ஒருத்தி மட்டும் நேராக நின்றாள். கையில் தூக்குக்குண்டு. அவனையே பார்த்தாள்.

துணியை உதறினான். யாரும் இல்லை. சுவர்களும் நேராகத்தான் இருந்தன.

மறுநாள் வாசல் நிலையில் அவன் தோள் இடித்தது. இடப்பக்கம் சாய்ந்து நடக்கிறான் என்று மனைவி ஆர்த்திதான் முதலில் கண்டாள். நாளுக்கு நாள் சாய்வு கூடியது. விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் அவனுக்குத் தூக்கமே போயிற்று. நாமக்கல்லில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முதுகெலும்பு நட்ட கம்பமாக நின்றது.

"படத்துல நேராத்தானே இருக்குது? அப்புறமென்ன?" என்றார்.

அறை முழுக்க ஈரச் சிமெண்ட் வாசனை. அது சுதாகருக்கு மட்டும்தான் தெரிந்தது. கூடவே அவன் முதுகுக்குள்ளிருந்து... டக்... டக்...