நல்ல நாளில் ஒரு பிடி விதை

ஸ்காபரோ பஸ்ஸில் முன்சீட்டில் எங்கள் ஊர்த் தமிழாட்கள் இரண்டு பேர். குளிர் விட்டு வெயில் எறித்த நாள்; எனக்கு ஜன்னல் சீட் கிடைத்த சந்தோசம் வேறு. ஒஷாவாப் பக்கம் தோட்ட வேலை செய்கிற வயதானவர் திடீரென்று கேட்டார்:

“சட்டம் முடிஞ்சது வெங்காயத்துக்குத் தெரியுமே?”

பக்கத்திலிருந்த இளந்தாரி சிரித்தான். “என்ன சட்டம் அண்ணை?”

“விளைச்சலுக்கு விலை விழுந்தா கவுண்மென்ட் கமக்காரனுக்கு உதவுற சட்டம். தவணை முடிஞ்சுது, புதுசு இன்னும் வரேல்லை. அது வராமல் விதைக்க மாட்டன் எண்டு தோட்ட முதலாளி நிண்டவன்.”

“அப்ப உங்கட வேலை?”

“அதுதானே! வேலை இல்லாட்டி ஊரிலை இருக்கிற என்ரை மனுசியை எப்பிடி இஞ்சை கூப்பிடுறது? பஞ்சாங்கம் பாத்தன், திங்கள் நல்ல நாள். அவனைக் கேக்காமல் தோட்டத்து மூலையிலை ஒரு பிடி வெங்காய விதை போட்டிட்டன்.”

“விசரே அண்ணை! கண்டிட்டானோ?”

“கண்டிட்டான். ஆரைக் கேட்டு விதைச்சனி எண்டான். இண்டைக்கு விதைக்க நல்ல நாள் எண்டன். குனிஞ்சு மண்ணைக் கிளறிப் பாத்தான். உப்பிடி நாள் குறிக்க, சட்டம் போடுற ஒட்டாவாவிலை ஒருத்தரும் இல்லையோ எண்டான்.”

“பிறகு?”

“பிறகென்ன, விதைக்க ட்ராக்டரை வெளியிலை எடுத்தான். இனித்தான் மனுசிக்கு டெலிபோன் எடுக்கப் போறன்.”