கடைசி அத்தியாயத்தின் பின்பக்கம்

காலை ஏழு ஐம்பதுக்கு ஆவடியில் பஸ் ஏறியதும் கண்ணில் பட்டது, வாரப் பத்திரிகைப் பக்கங்களைக் கிழித்து பைண்டு செய்திருந்த ஒரு மாயாஜாலத் தொடர்கதை. அதை மடியில் வைத்திருந்தவரிடம், கதையை எழுதியவரே கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“சாயங்காலத்துக்குள்ள முழுக்கதையும் குடுக்கலைன்னா பதிப்பகத்துக்காரன் புக்கு போடமாட்டான் மாமே. எங்கிட்ட ஒரு காப்பிகூட இல்ல. இதுல கடைசி அத்தியாயம் எங்க?”

“அதுக்குப் பின்பக்கம் நடிகை படம். என் பொண்டாட்டி தம்பி வெட்டிகினு போய், அவன் சலூன் செவுத்துல ஒட்டிட்டான்.”

“மந்திரவாதி எப்படி செத்தான்னு எனக்கே மறந்துபோச்சுய்யா!”

“படத்தைப் பேத்துப் படி. அவ கன்னத்துக்குப் பின்னாலதான் செத்துக் கிடக்கறான்.”

மண்ணூர்பேட்டையில் இருவரும் இறங்கி, மச்சானின் சலூனை நோக்கி ஓடினார்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை. சலூன்களுக்கு விடுமுறை.